பன்னிரண்டு சிலிண்டருக்கு இனி என்ன வேலை?

என் அண்ணன் மகன் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் நீளமாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். சுருக்கினால் இதுதான்: "சித்தப்பா, இரண்டு லிட்டர் இன்ஜினிலிருந்தே 400 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கிறார்கள். மின்சாரக் கார் இரண்டு நொடிக்குள் நூறைத் தொட்டுவிடுகிறது. பிறகு ஆறரை லிட்டர், எட்டு லிட்டர் என்று ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னும் எதற்கு? இந்தப் பெரிய இன்ஜின்களுக்கு இன்னும் எத்தனை வருடம்? நான் இன்ஜின் படிப்பதா, பேட்டரி படிப்பதா?"

கைபேசியில் தட்டி முடிக்கிற பதில் அல்ல இது. அவனைப் போலக் கேட்கிறவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். கோட்டாறில் முப்பது வருடமாக, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற ரீபோர் பட்டறை வைத்திருக்கிறேன். என் கைக்கு வருவதெல்லாம் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளின் டீசல் இன்ஜின்களும், பழைய பஸ், லாரி இன்ஜின்களும்தான். ஃபெராரி இன்ஜினைத் தொட்டதில்லை. தொடக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் சிலிண்டருக்குள் நடக்கிற காரியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதைப் பற்றிப் படிப்பதை நான் நிறுத்தியதும் இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்குத் தேவை என்று வைத்திருந்த பெரிய இன்ஜின் போய்விட்டது, திரும்பி வராது. ஆசைக்காக வைத்திருக்கிற பெரிய இன்ஜின் இப்போதைக்குப் போகாது. அதைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது, நீ எதிரி என்று நினைக்கிற மின் மோட்டார்தான்.

இப்போது என் பட்டறையில் போரிங் மெஷின்மேல் ஒரு பிளாக் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழைய லேலண்ட் 400 வகை. பஸ்ஸில் ஓடிக் களைத்து, பிறகு குளச்சலில் ஒரு படகுக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வந்திருக்கிறது. லைனருக்குள், அதாவது சிலிண்டரின் உள்ளுறைக்குள், விரலை விட்டு மேல்பக்கமாகத் தடவினால் ஒரு சிறு படி தட்டுப்படும். பிஸ்டனின் மேல் ரிங் ஏறி நிற்கிற இடம் வரைக்கும் சுவர் தேய்ந்திருக்கிறது, அதற்கு மேலே தேயவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். படகு புகை கக்கியதற்கும் எண்ணெய் குடித்ததற்கும் காரணம் அந்தத் தேய்மானம்தான். இந்த இன்ஜினின் பெயரில் உள்ள 400 என்பது கன அங்குலக் கணக்கு. லிட்டரில் ஏறக்குறைய ஆறரை.

ஃபெராரி 2024இல் வெளியிட்ட 'டோடிச்சி சிலிண்ட்ரி' காரில் இருப்பதும் ஆறரை லிட்டர்தான், 6,496 சிசி. அந்த இத்தாலியப் பெயருக்குப் பொருளே பன்னிரண்டு சிலிண்டர். என் மேசைமேல் இருக்கும் ஆறரை லிட்டர் தருவது நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன். அந்த ஆறரை லிட்டர் தருவது 830. காற்றைத் திணிக்கிற டர்போவும் கிடையாது, உதவிக்கு மின் மோட்டாரும் கிடையாது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் உன் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

இன்ஜின் என்பது காற்று இழுக்கிற பம்ப். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். ஆறரை லிட்டர் இன்ஜினை நிமிடத்துக்கு 9,500 சுற்றில் ஓட்டினால் சுமார் 30,000 லிட்டர் காற்று. கோடையில் நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள். அப்படி இரண்டரை லாரி, ஒரே நிமிடத்தில். பஸ் இன்ஜின் இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றோடு நின்றுவிடுவதால் அதற்கு ஏழாயிரம் லிட்டர் கிடைத்தாலே பெரிது.

சரி, பஸ் இன்ஜினையும் 9,500 சுற்றில் ஓட்டினால் என்ன என்று கேட்பாய். ஓட்டிப் பார், பிஸ்டன் கூரையில் இருக்கும். ஃபெராரி இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 78 மில்லிமீட்டர். 9,500 சுற்றில் அது சராசரியாக நொடிக்குக் கிட்டத்தட்ட 25 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேண்டும். சாலையில் ஓட்டுகிற காருக்கு இந்த 25 ஏறக்குறைய எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் கனெக்டிங் ராடும் பேரிங்கும் தாங்காது. ஆகவே ஸ்ட்ரோக் குறுகலாக இருக்க வேண்டும், பிஸ்டன் இலேசாக இருக்க வேண்டும். ஆறரை லிட்டரை நாலு சிலிண்டரில் அடைத்தால் ஒவ்வொன்றும் 1.6 லிட்டர், அவ்வளவு பெரிய பிஸ்டன் இந்த ஆட்டம் ஆடாது. பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 541 சிசி, அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது. பன்னிரண்டு சிலிண்டர் ஆடம்பரத்துக்காக வந்ததல்ல. நிறையக் காற்றை வேகமாக இழுக்க ஒரு காலத்தில் அதுதான் வழி.

இன்னொரு வழியும் இருந்தது: காற்றைத் திணிப்பது, அதாவது டர்போ. அது பரவியதற்குப் பொறியியலைவிட வரிதான் பெரிய காரணம் என்று நான் சொல்வேன். இத்தாலியில் ஒரு காலத்தில் இரண்டு லிட்டரைத் தாண்டிய கார்களுக்கு விற்பனை வரி ஏறக்குறைய இரட்டிப்பு. அதற்காகவே ஃபெராரி 1980இல் 208 ஜிடிபி என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. எட்டு சிலிண்டர், மொத்தம் 1,991 சிசி, வெறும் 155 குதிரைத்திறன். ஃபெராரி சின்னம் போட்ட கார்களில் அதைவிடச் சோகமானது இல்லை என்பார்கள். இரண்டே ஆண்டில் அதற்கு டர்போ மாட்டிவிட்டார்கள். வேடிக்கையைப் பார். 2019இல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி தன் ஏ45 எஸ் காருக்குச் செய்த நாலு சிலிண்டர் டர்போ இன்ஜினும் அதே 1,991 சிசி. அது தருவது 421. நாற்பது வருடத்தில் அதே அளவுக் குடுவையிலிருந்து இரண்டே முக்கால் மடங்கு.

வரிக்கணக்கு இன்றைக்கும் அப்படித்தான். சீனாவில் நாலு லிட்டரைத் தாண்டினால் நுகர்வு வரி மட்டும் 40 சதவீதம். ஐரோப்பாவின் பெரிய கார்கள் பல நாலு லிட்டருக்குச் சற்றே உள்ளே வந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் 2025 செப்டம்பருக்குப் பிறகு 1,200 சிசிக்குள், நாலு மீட்டர் நீளத்துக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மற்ற பெட்ரோல் கார்களுக்கு 40, மின்சாரக் காருக்கு 5. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் போகிற ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஸ்யூவிக்கும் பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரிக்கும் ஜிஎஸ்டி ஒன்றுதான் என்பதில் ஃபெராரிக்காரர் மகிழ்ந்துகொள்ளலாம். இறக்குமதி வரி வந்து அந்த மகிழ்ச்சியைத் தீர்த்துவிடும்.

ஆக, இரண்டு லிட்டரில் 400 குதிரைத்திறன் என்ற உன் கணக்கு சரி. ஆனால் அந்தச் சக்தி எதைக் கொடுத்து வாங்கியது என்பதையும் கேட்க வேண்டும்.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற ஒருவர், ஏழெட்டு வருடத்துக்கு முன் தன் பெரிய பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு டர்போ வைத்த சிறிய இன்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டார். டீசல் மிச்சமாயிற்று, சந்தோஷப்பட்டார். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்குகிற படகு. பழைய இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றுவதில் இருந்த அசட்டையைப் புதியதிடமும் காட்டினார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டிருப்பது. கரிபிடித்த எண்ணெயில் அது இறுகி நின்றது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. தண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் கனம்தான், நீலம் பாரித்திருந்தது. "இந்தத் துண்டுக்காகவா நாலு நாள் இழுபட்டோம்?" என்று கேட்டார். தவறு டர்போவுடையது அல்ல. சிறிய இன்ஜினைக் கசக்கிப் பிழிந்தால் சூட்டையும் எண்ணெயையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரிய இன்ஜின் நம் அசட்டையை நிறையவே பொறுத்துக்கொள்ளும்.

இதே பாடத்தை ஏஎம்ஜி வேறு விதத்தில் படித்தது. சி63 என்ற காரில் முதலில் 6.2 லிட்டர் வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) இருந்தது, பிறகு நாலு லிட்டர் டர்போ வி8. 2022இல் இரண்டையும் விட்டுவிட்டு, நான் மேலே சொன்ன இரண்டு லிட்டர் இன்ஜினை இன்னும் முறுக்கேற்றி, பின்சக்கரத்தில் மின் மோட்டாரும் சேர்த்தார்கள். மொத்தம் 680 குதிரைத்திறன். தாளில் பார்த்தால் பழைய வி8 பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் எடை 2,100 கிலோவைத் தாண்டியது. நாலு சிலிண்டரின் சத்தத்துக்கு அந்த விலை கொடுக்க ஆட்கள் தயங்கினார்கள். விற்பனை படுத்தது. 2025இல், புதிய வி8 ஒன்று உருவாகிறது என்று ஏஎம்ஜி தலைமையே சொல்லவேண்டியதாயிற்று. கணக்கில் வென்று கடையில் தோற்ற கார் என்று இதைச் சொல்லலாம்.

இதைவிடச் சுவையான ஒரு திருப்பம் போர்ஷேவில் நடந்திருக்கிறது. வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சிறிய டர்போ இன்ஜினை முழு வேகத்தில் மிதிக்கும்போது எரியறை அளவுக்கு மீறிச் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு: தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் பீய்ச்சுவது. எரியாத பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். வீட்டில் கேஸ் அடுப்பில் காற்றுத் துளை அடைபட்டால் சுடர் நீலம் போய் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடிக்கும் அல்லவா, அதே நிலைதான். அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வெளியே போகும். சோதனைக்கூடத்தில் மென்மையாக ஓட்டிக் காட்டினால் போதும் என்றிருந்த காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது சாலையில் ஓட்டிப் பார்த்தே அளக்கிறார்கள். 2026 நவம்பர் முதல் புதிய மாடல்களுக்கு ஐரோப்பாவின் யூரோ 7 மாசுவிதி வருகிறது. ஆகவே எந்த மிதியிலும் அந்த 14.7க்கு 1 கணக்கு பிசகாமல் எரியவேண்டும் என்று இன்ஜின்களைத் திருத்தி வடிவமைக்கிறார்கள்.

கூடுதல் பெட்ரோலைக் கொட்டக்கூடாது, ஆனால் சக்தியும் குறையக்கூடாது என்றால் என்ன செய்வது? இன்ஜினைப் பெரிதாக்க வேண்டும். 2024இல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ் காரில் அதைத்தான் செய்தார்கள். முந்தைய இன்ஜின் மூன்று லிட்டர், 480 குதிரைத்திறன். புதியது 3.6 லிட்டர், இன்ஜின் மட்டும் தருவது 485. அறுநூறு சிசி கூட்டியும் கிடைத்தது ஐந்தே குதிரை. மிச்சமெல்லாம் சுத்தமாக எரிவதற்காக. இரண்டு டர்போவை எடுத்துவிட்டு, உள்ளேயே மின் மோட்டார் பொருத்திய ஒற்றை டர்போவை வைத்தார்கள், கியர்பாக்ஸில் இன்னொரு மோட்டார், மொத்தம் 541. இருபது வருடமாக 'சிறிதாக்கு, சிறிதாக்கு' என்று விரட்டிய அதே மாசுவிதிதான் இங்கே 'கொஞ்சம் பெரிதாக்கு' என்கிறது. இன்ஜின் சிறுத்துக்கொண்டே போய் ஒருநாள் மறையும் என்று நேர்கோடு போட்டுக் காட்டுகிறவர்களை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

இனி மின் மோட்டார். முடுக்கத்தில் அது ஜெயித்துவிட்டது, அதில் வழக்காட ஒன்றுமில்லை. குரோஷியாவின் ரிமாட்ஸ் நிறுவனம் செய்த நெவெரா, 1,914 குதிரைத்திறன், நாலு மோட்டார், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட இரண்டு நொடிகூட எடுப்பதில்லை. 2025 செப்டம்பரில் சீனாவின் பிஒய்டி குழுமத்து யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம், ஜெர்மனியின் ஒரு சோதனைத் தடத்தில் மணிக்கு 496 கிலோமீட்டரைத் தொட்டது. எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் சிவப்பு விளக்கிலிருந்து பச்சைக்கு மாறும்போது இவற்றை முந்த முடியாது.

ஆனால் இந்த நெவெராவைச் செய்த மாட்டே ரிமாட்ஸ் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? புகாட்டியின் பொறுப்பு 2021இல் அவர் கைக்கு வந்தது. எட்டு லிட்டர், பதினாறு சிலிண்டர், நாலு டர்போ கொண்ட இன்ஜினை 2005 முதல் வைத்திருந்த நிறுவனம். உலகத்தின் ஆகச்சிறந்த மின் கார்க்காரர் வந்திருக்கிறார், இனி புகாட்டி மின்சாரம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். 2024இல் அவர் திரையை விலக்கிக் காட்டிய டூர்பியோன் காரில் இருந்தது 8.3 லிட்டர் வி16. நாலு டர்போவையும் கழற்றி எறிந்துவிட்டார். இங்கிலாந்தின் காஸ்வொர்த் செய்துகொடுத்த அந்த இன்ஜின், தானாக மூச்சிழுத்து ஆயிரம் குதிரைத்திறன் தருகிறது. மூன்று மோட்டார்கள் இன்னும் எண்ணூறு. மின் ஹைப்பர்கார் வாங்க அந்தப் பணக்காரர்களிடம் ஆர்வம் இல்லை என்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மோட்டாரை வைத்துக்கொண்டு டர்போவை ஏன் எடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டர்போ இல்லாத, உயரச் சுழலும் பெரிய இன்ஜினுக்கு ஒரு பலவீனம்: கீழ்ச்சுற்றில் இழுவை போதாது. பழைய காலத்தில் அதைச் சரிக்கட்ட இன்ஜினைக் கீழேயும் இழுக்கிற மாதிரி டியூன் செய்வார்கள், அல்லது டர்போ மாட்டுவார்கள். இரண்டிலும் மேல்சுற்றின் துள்ளல் குறையும். மோட்டாருக்கோ சுழலத் தொடங்கும் முதல் கணத்திலேயே முழு முறுக்குவிசையும் கிடைக்கிறது. கீழ்ப்பக்கத்தை அது பார்த்துக்கொண்டால், இன்ஜின் மேல்சுற்றிலேயே தன் இஷ்டத்துக்குப் பாடலாம். 2023இல் வந்த லம்போர்கினி ரெவுவெல்டோவும் இதே ஏற்பாடுதான்: ஆறரை லிட்டர் வி12 தனியாக 825, மூன்று மோட்டார் சேர்ந்தால் 1,015. பேட்டரி வெறும் 3.8 கிலோவாட் மணி. சின்ன மின் காரில் இருப்பதைவிட அது மிகச் சிறியது. முப்பது வருடம் முன்பு கனவு கண்டிருக்க முடியாத சுதந்திரம் இது, அதை வி12க்கு வாங்கிக் கொடுத்தது மோட்டார்.

எடைதான் இதற்குக் கொடுக்கிற விலை. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரிப் பெட்டியில் 0.2 கூடக் கிடைப்பது அரிது. இன்ஜின் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாக வீணடித்தாலும் இந்த இடைவெளி மூடுவதில்லை. நெவெரா 2,300 கிலோ. மறுகோடியில் கார்டன் மர்ரே செய்த டி.50 இருக்கிறது. ஃபார்முலா 1 கார்களை வடிவமைத்தவர். 3.9 லிட்டர் வி12, நிமிடத்துக்கு 12,100 சுற்று, காரின் எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. 663 குதிரைத்திறன்தான். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் நான் ஆசைப்படுகிற ஒரே கார் அதுதான். நூறு கார்தான் செய்தார்கள், எனக்கு ஒன்று எடுத்துவைக்கவில்லை.

சத்தத்தைப் பற்றிப் பேசினால் இளைஞர்கள் சிரிக்கிறீர்கள், வெறும் உணர்ச்சி என்று. குளச்சல் கரையில் விடியற்காலையில் நின்றிருக்கிறாயா? படகு கண்ணில் படுவதற்கு முன்பே, "நம்ம படகு வருது" என்று வீட்டுக்காரம்மா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இன்ஜினின் குரல் அவருக்கு அவ்வளவு பழக்கம். சில சமயம், "மூணாவது சிலிண்டர்ல நாசில் போயிருக்கு" என்று படகு கரை தொடுமுன்பே சொல்கிற ஓட்டுநர்களும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழுக்கம்பாறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கன்னியாகுமரியில் சாலை முடிகிற இடத்தில் படம் எடுத்துக்கொள்ள வெளிமாநிலப் பதிவெண்ணோடு ஒரு லம்போர்கினி ஹுராக்கான் போயிற்று. 5.2 லிட்டர் வி10. வேகத்தடையில் அடி தட்டாமல் குறுக்காக ஏறி இறங்கப் பட்டபாடு பார்க்கச் சிரிப்பாக இருந்தது. இறங்கியதும் ஒருமுறை மிதித்தார். டீக்கடைப் பெரியவர் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் தூரத்து வளைவில் கரையும்வரை அப்படியே நின்றார். அவருக்கு சிசியும் தெரியாது, விலையும் தெரியாது.

அந்த வி10 இப்போது இல்லை. 2024இல் நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த டெமராரியோவில் நாலு லிட்டர் வி8, இரண்டு டர்போ, மூன்று மோட்டார், மொத்தம் 920. பத்தாயிரம் சுற்று வரை போகிறது, அந்த வகையில் மோசமில்லை. ஆனாலும் வி10 என்ற ஜாதியே கிட்டத்தட்ட அழிந்தது. உன் கேள்விக்கு என் கணிப்பு இங்கேதான் இருக்கிறது: நடுவில் இருப்பவை சாகும். சற்று வசதியானவர் வாங்கிய வி8 செடான், அன்றாடம் ஓட்டிய வி10, இவற்றுக்கு வரியும் மாசுவிதியும் தாங்காது. சிறிய டர்போவும் மோட்டாரும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. உச்சியில் இருப்பவை பிழைக்கும். ஃபெராரி 2024 முழுவதும் விற்றது 13,752 கார். மாருதி அதை மூன்று நாளில் விற்றுவிடும். இத்தனை சிறிய எண்ணிக்கையை விரட்டிப் பிடிப்பதில் எந்த அரசுக்கும் அவசரம் இல்லை.

சட்டமும் அதையே காட்டுகிறது. 2035 முதல் புதிய கார்கள் கரிவாயுவே வெளியிடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்தபோதே, ஆண்டுக்கு ஆயிரம் காருக்குக் கீழே செய்கிறவர்களுக்கு விலக்கு வைத்தது. ஜெர்மனி விடாப்பிடியாக நின்று செயற்கை எரிபொருளுக்கும் ஒரு கதவைத் திறந்துவைத்தது. 2025 டிசம்பரில் அந்த நூறு சதவீதக் குறைப்பைத் தொண்ணூறாகத் தளர்த்தலாம் என்று ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. ஃபெராரியும் 2030க்குள் தன் மாடல்களில் 40 சதவீதம் மின்சாரம் என்று சொல்லிவந்ததை, 2025இல் 20 ஆகக் குறைத்துக்கொண்டது. 40 பங்கு வெறும் இன்ஜின், 40 பங்கு இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்.

அமெரிக்காவின் நிலை தனி. அங்கே 2025 மாடல் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரிலும் 6.2 லிட்டர் இன்ஜின், வால்வைக் கம்பியால் தள்ளித் திறக்கிற பழைய புஷ்ராட் முறையில் 495 குதிரைத்திறன் தந்தது, விலையும் ஐரோப்பியக் கார்களில் பாதிகூட இல்லை. அதே குடும்பத்தின் இசட்ஆர்1, ஐந்தரை லிட்டருக்கு இரண்டு டர்போ போட்டு 1,064. பெட்ரோல் மலிவு, சாலை அகலம். அவர்கள் ஏன் விடப்போகிறார்கள்?

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் மைலேஜ் போயிற்று என்று எல்லாரும் என்னிடம்தான் வந்து புலம்புகிறார்கள். எத்தனாலில் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைவு, புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் அது ஆவியாகும்போது சூட்டை இழுக்கும், இன்ஜின் தட்டுவதும் (நாக்கிங்) குறைவு. ஸ்வீடனின் கோனிக்செக் ஜெஸ்கோ, ஐந்து லிட்டர் வி8, சாதாரணப் பெட்ரோலில் 1,280. 85 சதவீத எத்தனாலில் 1,600. அதற்கென்று வடிவமைத்த இன்ஜினுக்கு அது அமுதம். இருபது வருடம் ஓடிய உன் அப்பாவின் காருக்கு அல்ல.

உன் கடைசிக் கேள்வி, இன்ஜினா பேட்டரியா. இங்கே பார் மக்களே, டூர்பியோனில் வி16ஐயும் 25 கிலோவாட் மணி பேட்டரியையும் ஒரே காருக்குள் அடக்கியவர்கள், மின் காரில் கைதேர்ந்தவர்கள். போர்ஷேவின் டர்போவுக்குள்ளேயே மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுப் படிக்கிற காலம் போய்விட்டது. மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி வெப்ப மேலாண்மை எல்லாம் கல்லூரியில் ஒழுங்காகப் படி. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மின்சாரம் அந்நியமல்ல. எரிதல், உராய்வு, உலோகச் சூடு, இவை எந்தக் கல்லூரியிலும் இப்போது சரியாகச் சொல்லித்தருவதில்லை. அதை என்னிடம் வந்து பார்.

அந்த ஆறரை லிட்டர் பிளாக் வியாழக்கிழமை வரை மேசையில் இருக்கும். பழைய லைனர்களை அழுத்தி எடுத்துவிட்டு, புதியவற்றை அடித்து, சனிக்கிழமைக்குள் உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றுகிற ஹோனிங் வேலையும் முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். புதன் சாயங்காலம் வந்தால் அந்தத் தேய்மானப் படியை உன் நகத்தாலேயே தடவிப் பார்க்கலாம். உள்விட்டம் அளக்கிற போர் கேஜும் இருக்கிறது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வராதே.